ரெண்டாவது டிக் விழுற நேரம்: தோட்டத்துப் பள்ளிக்கூடமும் வட்சப் படிப்பும்

பின்னேரம் மூணு மணிக்கு தரம் 8 குரூப்புக்கு ஒரு வாய்ஸ் நோட் போடுவேன், அது ஒத்த டிக்கோட அப்படியே நிக்கும். குரூப்புல இருக்கிற எல்லா போனுக்கும் போய் சேர்ந்தாதான் வட்சப்புல ரெண்டாவது டிக் விழும், அதனால அந்த மெசேஜ அமத்திப் புடிச்சு 'இன்ஃபோ'வுக்குள்ள போய் யாருக்கு போயிருக்கு யாருக்கு போகலன்னு பாக்குறது எனக்கு பழக்கமாயிருச்சு. நாலு மணிக்கு மூணு பேரு. அஞ்சரைக்கு அம்மாமாரு கொழுந்து நிறுத்துட்டு வந்து, கூடையையும் இடுப்புல கட்டுற படங்கையும் இஸ்தோப்புல, அதான் வாசல் திண்ணையில வச்சுட்டு, கைகால் கழுவி உள்ள வந்த பிறகு ஏழெட்டு பேரு. ஏழு மணிக்கு மேலதான் பேரு மளமளன்னு கூடும், ஏன்னா அப்பதான் போன் வீட்டுக்குள்ள வருது. ஒரு புள்ளையோட கத மட்டும் வேற. அவ அப்பாவுக்கு கொழும்புல ஒரு சாப்பாட்டுக் கடையில வேல, வீட்டுக்குன்னு இருக்கிற ஒரே ஸ்மார்ட் போனும் அவர்கிட்ட கொழும்புல, அதனால அந்த நம்பருக்கு மூணு மணிக்கே போயிரும், புள்ளைக்கு போறது அவர் மாசத்துல ஒருக்கா லீவுல வர்றப்ப.

நான் இலங்கை மலையகத்துல தேயிலத் தோட்டத்து ஸ்கூல் ஒண்ணுல கணக்கு படிப்பிக்கிறேன், ஆள் இல்லாதப்போ விஞ்ஞானமும் சேர்த்து. ஸ்கூல் படிப்புல சோஷல் மீடியாவயும் இன்டர்நெட்டயும் எப்படி பாவிக்கிறதுன்னு எங்களுக்கு பயிற்சிகள் நடக்கும், அதுல அனேகமா எந்த ஆப் நல்லது, எதுல என்ன வசதி இருக்குன்னு தான் பேச்சு. மலையகத்துல அதுக்கு முன்னால கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. பின்னேரம் நாலு மணிக்கு அந்த போன் யார் கையில இருக்கு? இதுக்கு பதில் தெரிஞ்சா எந்த ஆப்புன்னு தானா விளங்கிரும். இங்க புள்ளைக்காக காத்திருக்கக் கூடிய கருவிதான் வேல செய்யும், புள்ள வந்து தனக்காக காத்திருக்கணும்னு கேக்குற கருவி எவ்வளவு திறமா இருந்தாலும் பாதி வகுப்ப வெளிய விட்டுரும்.

இத நாங்க பட்டுத்தான் படிச்சோம். கொரோனாவால 2020 மார்ச் 13ஆம் திகதி நாடு முழுக்க ஸ்கூல மூடினாங்க, ஏப்ரல்ல தொறக்கும்னு சொன்னாங்க, பிறகு ஜூலையில கொஞ்சம் தொறந்து ஒக்டோபர்ல திரும்ப மூடி, 2021ல மறுபடியும் தொறந்து மூடின்னு அது போய்க்கிட்டே இருந்துச்சு. அந்த வருஷம் ஒக்டோபர் 21ல தான் 200 புள்ளைங்களுக்கு குறைஞ்ச ஆரம்பப் பிரிவு ஸ்கூல்கள முதல்ல தொறந்தாங்க, தோட்டப் பக்கத்து சின்ன ஸ்கூல் கனக்க அந்தக் கணக்குக்குள்ள வந்துச்சு. நடுவுல ஜூலை 12ல இருந்து ஒக்டோபர் கடைசி வரைக்கும் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர் சங்கங்கள் ஒன்லைன் படிப்பிக்கிறதையும் நிப்பாட்டியிருந்தாங்க. அந்தப் போராட்டம் நியாயமானதுதான், 2015க்குப் பிறகு தோட்டத்து ஸ்கூல்களுக்கு ஆசிரியர் உதவியாளர்னு எடுத்தவங்க மாசம் 6000 ரூபாவுல தொடங்கினவங்க, அவங்க தங்களோட காசுலதான் டேட்டா போட்டு படிப்பிச்சாங்க. ஆனா அந்த மூணு மாசமும் டவுன்ல ஸூம்ல டியூஷன் நடந்துக்கிட்டேதான் இருந்துச்சு, எங்க புள்ளைங்களுக்கு அதுவும் இல்ல.

எல்லாரையும் போல நாங்களும் முதல்ல ஸூம்தான் பண்ணிப் பாத்தோம். 34 புள்ளைங்க உள்ள வகுப்புல முதல் நாள் வந்தது ஆறு பேரு, அதுல ரெண்டு பேருக்கு சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்துச்சு, ஒருத்தன் அண்ணனோட போன்ல வந்து பத்து நிமிஷத்துல அண்ணன் போன கேக்குறான் சேர்னு சொல்லிட்டு போயிட்டான். காசு கணக்கையும் பாருங்க. ஸூம்ல குரூப் வீடியோ கிளாஸ் ஒரு மணித்தியாலம் நடந்தா 800 எம்பிக்கு மேல டேட்டா போகும், காசு கட்டாத கணக்குல 40 நிமிஷத்துல அதுவா நின்னுரும், திரும்ப எல்லாரும் ஏறி வரணும். தோட்டத்துல ஒரு நாள் சம்பளம் 1000 ரூபான்னு வந்ததே 2021 மார்ச்சுலதான், அதுவும் கிலோ கணக்கு சரியா வந்தாதான் முழுப்பேரு, அதாவது முழு நாள் சம்பளம், இல்லாட்டி அரைப்பேரு. ஒரு சாதாரண ஸ்மார்ட் போன் 25,000 ரூபான்னு வச்சா 25 முழுப்பேரு, அந்த மாசம் சோறு திங்காம இருந்தா. 2022ல ரூபா விழுந்து டொலர் 200ல இருந்து 360க்கு போனப்ப போன் வில அப்படியே ஏறிருச்சு, செப்டம்பர்ல ரீலோட் டேட்டா கட்டணத்தையும் 20 வீதம் கூட்டினாங்க.

சிக்னல் கத தனிக்கத. மலையில இருக்கோமே, உயரத்துல சிக்னல் நல்லா வரணுமேன்னு கொழும்பு ஆளுங்க கேப்பாங்க. மலை உச்சியில நின்னா வரும்தான், ஆனா நாங்க இருக்கிற லயம், அதான் வரிசை வீடுகள், கட்டினது உச்சியில இல்லையே, தண்ணி கிடைக்கிற பள்ளத்துலயும் மலை மடிப்புலயும்தான் கட்டி வச்சாங்க. டவர் நிக்கிறது டவுனையும் மெயின் ரோட்டையும் பாத்த மாதிரி. ரேடியோ அலை அனேகமா நேர்கோட்டுலதான் போகும், நடுவுல ஒரு மலை குறுக்க நின்னா அதுக்கு பின்னால நிழல் மாதிரி ஒரு இடம் விழும். அலைவரிசை குறைஞ்ச அலை கொஞ்சம் வளைஞ்சு எட்டிப் பாக்கும், கூடின அலைவரிசையில வர்ற நெட் அந்தளவுக்கு வளையாது, அதனாலதான் நம்ம பக்கம் கோல் எடுக்கும் ஆனா நெட் சுத்திக்கிட்டே இருக்கும். பொகவந்தலாவ பக்கம், மஸ்கெலியா பக்கம், ஊவாவுல லுணுகல பசறை பக்கம்னு எங்க போனாலும் புள்ளைங்களுக்கு சிக்னல் வர்ற கல்லு எது, எந்த வளைவுல ரெண்டு கோடு வரும், எந்த மரத்தடியில நாலு கோடு வரும்னு தெரியும். 2021ல பதுளை மாவட்டத்து போஹிட்டியாவ கிராமத்துப் புள்ளைங்க ஒன்லைன் கிளாஸுக்காக பாறை உச்சிக்கு ஏறிப் போன படம் உலகம் முழுக்க செய்தியா போச்சு, அது சிங்களக் கிராமம், கஷ்டம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். அந்தப் படத்த பாத்து எல்லாரும் பாராட்டினாங்க, எனக்கு பயம்தான் வந்துச்சு. பின்னேரம் மிஸ்ட் இறங்கின பிறகு அட்டை கடிச்ச காலோட ஒரு பொம்பளப் புள்ள மலையில தனியா நிக்கிறது பாராட்டுற விஷயம் இல்ல.

மழைக்கு சிக்னல் போயிருச்சுன்னு நாம சொல்றதுகூட அனேகமா கரண்ட் போறதுதான். மரம் விழுந்து வயர் அறுந்தா டவர் பெட்டரியில கொஞ்ச நேரம் ஓடும், பெட்டரி இறங்கினா அந்தப் பக்கமே செத்துப் போகும். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினப்ப அத நல்லா பாத்தோம்.

இந்த இடத்துலதான் வட்சப் மத்த எல்லாத்தையும் விட முன்னுக்கு வந்துச்சு. யாரும் சட்டம் போட்டு கொண்டு வரல, அதுவா வந்துச்சு, அதுக்கு காரணம் அது வேல செய்ற விதம். போன் ஓஃப்ல இருந்தாலும் சிக்னல் இல்லாட்டியும் நீங்க அனுப்பினத வட்சப் தன்னோட சேர்வர்ல 30 நாளைக்கு வச்சிருக்கும், போன் எப்ப ஒரு நிமிஷம் நெட்டுக்கு வருதோ அப்ப போட்டுட்டு போயிரும். அப்பா டவுனுக்கு போறப்ப பஸ்ஸுல அவர் பொக்கட்டுக்குள்ளயே அது வந்து சேர்ந்திருக்கும், ராத்திரி வீட்டுக்கு வந்து சிக்னலே இல்லாம புள்ள அத கேக்கலாம். வாய்ஸ் நோட் ஒரு நிமிஷத்துக்கு சுமாரா 150 கேபிதான், மூணு நிமிஷம் பேசினாலும் அர எம்பிக்குள்ள முடிஞ்சிரும். 1 ஜிபி டேட்டாவுல ஒரு ஸூம் கிளாஸ் பாக்கலாம், அதே 1 ஜிபியில இப்படி ரெண்டாயிரம் வாய்ஸ் நோட் கேக்கலாம். இந்த ஒரு கணக்க விளங்கிக்கிட்ட பிறகு நான் வீடியோ எடுக்கிறதயே குறைச்சுட்டேன்.

எப்படி செய்றேன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இதுல சின்ன விஷயம்தான் பெருசு. ஒரு வெள்ளத் தாள்ல தடிச்ச பேனையால ஒரு கணக்க மட்டும் படிப்படியா எழுதி, வெளிச்சத்துல வச்சு ஒரு போட்டோ. வரிக்கு வரி நம்பர் போடுவேன். பிறகு மூணு நிமிஷத்துக்கு கூடாத ஒரு வாய்ஸ் நோட், 'தாள்ல மூணாவது வரிய பாருங்க, அங்க ஏன் நூறால பெருக்கினேன்னு சொல்றேன்'னு. அஞ்சு நிமிஷம் பேசினா புள்ளைங்க பாதியில விட்டுருவாங்க, அதோட நடுவுல ஒரு இடம் விளங்காட்டி தேடி எடுக்க ஏலாது. பதில கொப்பியில எழுதி போட்டோ அனுப்பச் சொல்றதுக்கு கூடவே, எப்படி செஞ்சீங்கன்னு வாய்ஸ்ல சொல்லுங்கன்னு கேப்பேன். இதுல ஒரு நல்லது நடந்துச்சு, வகுப்புல வாயே தொறக்காத புள்ளைங்க போன்ல பேசினாங்க. பின்னால தங்கச்சி அழுகுற சத்தம், தகரத்துல மழ சத்தம், பக்கத்து காம்பராவுல, அதான் அடுத்த அறையில, டிவி நாடக சத்தம், அதுக்கு நடுவுல மெல்லமா 'சேர், மொத்தத்தால வகுத்து நூறால பெருக்கணும்'னு ஒரு குரல்.

சதவீதம் படிப்பிச்ச கிழமை எனக்கு மறக்காது. பச்சக் கொழுந்து 100 கிலோ ஃபெக்டரிக்கு போனா தேயிலை 21, 22 கிலோதான் வரும், மிச்சம் தண்ணியா போயிரும், இது ஃபெக்டரியில வேல செஞ்ச எந்தத் தாத்தாவுக்கும் தெரியும். புத்தகத்துல இருந்த கணக்க விட்டுட்டு இத குடுத்தேன், வீட்டுல பெரியவங்க யார்கிட்டயாவது கேட்டு அனுப்புங்கன்னு. ஒரு பையன் தன்னோட தாத்தாவையே பேச வச்சு அனுப்பினான், அவர் வாட்டுறது, அரைக்கிறது, பழுக்க வைக்கிறது, காய வைக்கிறதுன்னு வரிசையா சொல்லி ஒவ்வொரு இடத்துலயும் எவ்வளவு நிறை குறையும்னு சொன்னாரு, நான் சொல்லியிருந்தா அவ்வளவு அழகா வந்திருக்காது. அடுத்த நாள் ஒரு புள்ள தானாவே ஒரு கணக்கு போட்டு அனுப்பிச்சு: அம்மா 20 கிலோ எடுத்தாங்க, ஈரத்துக்கும் சாக்குக்கும்னு 2 கிலோ கழிச்சாங்க, எத்தன வீதம்? அதுக்கு கீழ பத்து வீதம்னு பதினேழு பேரு பதில் போட்டிருந்தாங்க, அதுல நாலு பேரு புள்ளைங்க இல்ல, அம்மாமாரு.

எல்லாம் வட்சப்புல முடிஞ்சிரும்னு நான் சொல்ல வரல. இங்க ஒரு பொறி இருக்கு, இது வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு தெரியாது. நம்ம வீடுகள்ல போடுறது அனேகமா சோஷல் மீடியா பெக்தான், அதாவது சில ஆப்புக்கு மட்டும் குடுக்கிற டேட்டா, அதுல வட்சப்பும் பேஸ்புக்கும் ஓடும், வேற சைட் அனேகமா ஓடாது. டீச்சர் குரூப்புல ஒரு லிங்க் போடுறாங்க, யூடியூப் லிங்க் இல்லாட்டி வேற ஏதாவது சைட்டோட லிங்க். புள்ள அத அமத்தினா வெள்ளத் திரதான் வரும். புள்ள நெனைக்கும் போன் பழுதுன்னு, டீச்சர் நெனைப்பாங்க புள்ள பாக்கலன்னு. கல்வி அமைச்சோட ஈ-தக்சலாவ சைட்டுல தரம் ஒண்ணுல இருந்து ஏ.எல் (உயர்தரம்) வரைக்கும் தமிழ்லயும் பாடம் இருக்கு, நல்ல விஷயம்தான், ஆனா லிங்க் அனுப்புறதும் பாடம் அனுப்புறதும் ஒண்ணு இல்ல. நான் டவுனுக்கு போறப்ப டவுன்லோட் பண்ணி எடுத்துட்டு வந்து, தேவையான ரெண்டு பக்கத்த மட்டும் போட்டோவா மாத்தி குரூப்புல போடுவேன். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்து சைட்டுல எல்லா பாடப் புத்தகமும் பிடிஎஃபா இலவசமா இருக்கு, பரீட்சைத் திணைக்களத்து சைட்டுல பாஸ்ட் பேப்பர் இருக்கு, 2005ல தொடங்கின நூலகம் இணையத்துல நம்ம நாட்டு தமிழ்ப் புத்தகம், பழைய சஞ்சிகை, மலையகத்து வெளியீடுகள்னு ஆயிரக்கணக்குல கிடக்கு. இதெல்லாம் ஒரு தடவ இறக்கி மெமரி கார்டுல போட்டு வச்சா ஸ்கூல்லயே புளூடூத்துல கைக்கு கை மாத்தலாம், ஒரு ரூபா டேட்டா போகாது. லொக்டவுன் காலத்துல நேத்ரா டிவியில குருகுலம்னு தமிழ்ல பாடம் போனது ஞாபகம் இருக்கும். டிவி இல்லாத லயத்து வீடு குறைவுதான், ஆனா கனக்க வீட்டுல இருக்கிறது டிஷ், இந்தியா சேனலுக்குன்னு போட்டது, அதுல நம்ம நாட்டு சேனல் வருமா வராதான்னு முதல்ல யாரும் கேக்கல.

இந்தியான்னு சொன்னதும் ஞாபகம் வருது, யூடியூப் விஷயத்துக்கு வர்றேன். நான் ரொம்ப கவலப்படுறது இதுலதான். தமிழ்ல பாடம்னு தேடினா முதல்ல வர்றது எல்லாம் தமிழ்நாட்டு வீடியோ, நல்லா செஞ்சிருப்பாங்க, அனிமேஷன் எல்லாம் போட்டு. புள்ளைங்க ஆசையா பாக்குறாங்க, விளங்குதுன்னும் சொல்றாங்க. ஆனா அவங்க கலைச்சொல் வேற, நம்ம கலைச்சொல் வேற. நம்ம புத்தகத்துல ஒட்சிசன், அவங்க ஆக்ஸிஜன். நமக்கு காபனீரொட்சைட்டு, அவங்களுக்கு கார்பன் டை ஆக்சைடு. நாம ஒளித்தொகுப்புன்னு படிப்பிக்கிறத அவங்க ஒளிச்சேர்க்கைம்பாங்க, கலம் அங்க செல், அமுக்கம் அங்க அழுத்தம், ஆர்முடுகல் அங்க முடுக்கம். இரசாயனவியல் வேதியியலாகும், பௌதிகவியல் இயற்பியலாகும். கணக்குல இன்னும் சிக்கல், நாம தொடைன்னு சொல்றது அவங்களுக்கு கணம், நம்ம முக்கோணி அவங்க முக்கோணம், அட்சரகணிதம் இயற்கணிதம். பெரியவங்களுக்கு இது ரெண்டும் ஒண்ணுதான்னு தெரியும். தரம் 10 புள்ள ஒண்ணு வினாத்தாள்ல 'ஆர்முடுகல்'னு பாத்துட்டு இது நான் படிக்காத பாடம்னு அந்த கேள்விய விட்டுட்டு வந்துச்சு, வீட்டுல அதே பாடத்த மூணு தடவ வீடியோவுல பாத்த புள்ள அது. செயற்கை நுண்ணறிவு ஆப்புகள்ட்ட தமிழ்ல கேட்டாலும் எனக்கு வந்த பதில் பெரும்பாலும் அந்தப் பக்கத்து சொல்லுலதான்.

அதனால வீடியோ பாக்காதீங்கன்னு சொல்லல. என் வகுப்புல கொப்பியோட கடைசிப் பக்கத்துல ரெண்டு கோடு போட்டு ஒரு பட்டியல் எழுத வச்சிருக்கேன், இடது பக்கம் வீடியோவுல கேட்ட சொல்லு, வலது பக்கம் நம்ம புத்தகத்து சொல்லு. யாரு புதுசா ஒரு சோடி கண்டுபுடிச்சாலும் குரூப்புல போடணும், மத்தவங்க எழுதிக்கணும். இப்ப அது நாப்பத தாண்டிருச்சு. அதோட நம்ம பாடத்திட்டத்துக்கு நம்ம டீச்சர்மாரு செய்ற சின்னச் சின்ன சேனல்கள் இருக்கு, வெளிச்சம் பத்தாது, சத்தம் சரியில்ல, பாக்குறவங்க நூறு பேருதான், ஆனா புள்ளைக்கு ஓ.எல் (சாதாரணதர) பரீட்சைக்கு அதுதான் உதவும். தேடலுல அது மேல வராது, அத தேடி எடுத்து குடுக்கிறது ஆசிரியரோட வேல.

இன்னொரு சங்கடம் எழுத்து. நம்ம நாட்டுல தமிழ் டைப்பிங்னா பல வருஷமா பாமினி எழுத்துருதான், ஸ்கூல் வினாத்தாள், டியூட், சேர்க்குலர் எல்லாம் அதுலதான் கிடக்கு. பாமினியில டைப் பண்ணினது அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டர்லதான் தமிழா தெரியும், கொப்பி பண்ணி வட்சப்புல போட்டா வெறும் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமா குப்ப மாதிரி வரும். ஏன்னா பாமினி உள்ளுக்குள்ள ஆங்கில எழுத்தத்தான் வச்சுக்கிட்டு மேல தமிழ் உருவத்த போத்தி இருக்கு, யூனிகோட் அப்படி இல்ல, தமிழ் எழுத்துக்குன்னே தனி இலக்கங்கள் வச்சிருக்கு, அதனால எந்த போன்லயும் தமிழாவே தெரியும், தேடினா கிடைக்கும், வாசிச்சு காட்டச் சொன்னா போனே வாசிக்கும். பாமினிய யூனிகோடுக்கு மாத்துற சைட் இலவசமா இருக்கு, ரெண்டு நிமிஷ வேல. அனுபவப்பட்ட சேர்மார் பலருக்கு இது தெரியாம இருபது வருஷமா சேர்த்த அருமையான வினாக்கள் பழைய பென் டிரைவ்ல கிடக்கு. டைப்பிங்கே வராதுன்னு சொல்றவங்களுக்கு வாய்ஸ் டைப்பிங் இருக்கு, கூகுள்ல 'தமிழ் (இலங்கை)'ன்னு தனியா எடுத்துக்கலாம், நம்ம உச்சரிப்ப ஓரளவுக்கு நல்லாவே புடிக்குது.

பேஸ்புக் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். வருஷ தொடக்கத்துல கொப்பி, சப்பாத்து, பேக் குடுக்க ஆளுங்க வருவாங்க, நல்ல மனசோடதான் வர்றாங்க. குடுக்கும்போது புள்ள கையில சாமானோட நிக்க, முகம் தெரிய போட்டோ எடுத்து, ஸ்கூல் பேரு, தோட்டத்துப் பேரு, சில நேரம் புள்ள பேரு, அப்பா இல்லாத புள்ளன்னு குடும்ப விவரமும் போட்டு பதிவு போடுவாங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தி அப்படி ஒரு பதிவு வந்து, எங்க தரம் 10 பொம்பளப் புள்ள ஒண்ணு ஒரு கிழமை ஸ்கூலுக்கு வரல. டவுன் டியூஷன்ல யாரோ அந்த போட்டோவ காட்டி சிரிச்சிருக்காங்க. வீட்டுக்கு போய் கதைச்சப்ப அது சொன்னது ஒண்ணுதான், 'சப்பாத்த திருப்பி குடுத்துறவா சேர்'னு. எனக்கு பேச்சே வரல. அந்த பதிவ எடுக்க வைக்கிறதுக்கு மூணு நாள் ஆச்சு, எடுத்த பிறகும் ஷெயார் பண்ணினவங்க பக்கத்துல அது இருந்துச்சு. அதுல இருந்து யாரு வந்தாலும் முதல்லயே சொல்லிருவேன், போட்டோ எடுங்க, சாமான எடுங்க, கட்டடத்த எடுங்க, புள்ளைங்கள பின்னால இருந்து எடுங்க, முகமும் பேரும் வேணாம்னு. சிலர் முகம் சுளிப்பாங்க, பரவால்ல. தனிப்பட்ட தரவப் பாதுகாக்குறதுக்கு 2022ல 9ஆம் இலக்கச் சட்டம்னு ஒண்ணு நம்ம நாட்டுல வந்திருக்கு, ஆனா ஒரு அம்மா கையெழுத்து போட்டு சம்மதம் குடுக்கிற பழக்கம் இன்னும் ஸ்கூல் கேட்டுக்குள்ள வரல.

குரூப்புலயும் இதே கவனம் வேணும். குரூப்புல சேர்த்த உடனே ஒவ்வொரு அம்மாவோட நம்பரும் மத்த எல்லாருக்கும் தெரியும், அப்பா தூரத்துல, அம்மா தனியா இருக்கிற வீடு எங்க பக்கம் கனக்க, ராத்திரியில தெரியாத கோல் வர்றதுன்னு ரெண்டு அம்மாமாரு என்கிட்ட சொல்லி அழுதிருக்காங்க. மார்க்ஸ், வரவு, கட்டாத காசு, வீட்டுப் பிரச்சின இதெல்லாம் குரூப்புல போடவே கூடாது. அதுக்கு புரோட்காஸ்ட் லிஸ்ட் இருக்கு, 256 பேரு வரைக்கும் ஒரே தடவையில அனுப்பலாம், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போகும், ஒருத்தர் நம்பர் மத்தவருக்கு தெரியாது. ஒரே நிபந்தனை, அவங்க நம்ம நம்பர சேவ் பண்ணியிருக்கணும். புள்ளைங்க பேஸ்புக்லயும் டிக்டொக்லயும் பொய் வயசு போட்டுத்தான் இருக்காங்க, 13க்கு குறைஞ்சவங்களுக்கு அது இல்லன்னு ஆப்பே சொன்னாலும். தடுக்க ஏலாது. ஆனா ஏதாவது நடந்தா யார்கிட்ட சொல்லணும்னு சொல்லிக் குடுக்கலாம், 1929ன்னு சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோட நம்பர எங்க வகுப்பு கரும்பலகை மூலையில எழுதி வச்சிருக்கேன், அத அழிக்கக் கூடாதுன்னு மொனிட்டருக்கு சொல்லியிருக்கேன்.

வட்சப் ஒரு கம்பனியோட சாமான், அதுல மட்டும் ஸ்கூல கட்டி வைக்கிறதுல ஆபத்தும் இருக்கு. 2018 மார்ச்சுல கண்டி திகன கலவரம் நடந்தப்ப பேஸ்புக், வட்சப் எல்லாத்தையும் கிட்டத்தட்ட ஒரு கிழமை தடுத்து வச்சாங்க, 2019 ஏப்ரல்லயும் 2022 ஏப்ரல்லயும் திரும்ப நடந்துச்சு. அதனால ஒவ்வொரு தவணையும் குரூப்புல போன தாள்கள எடுத்து பிரின்ட் போட்டு ஒரு ஃபைல்ல கோர்த்து வகுப்புல தொங்க விட்டிருக்கேன், போன் இல்லாத நாலு வீட்டுப் புள்ளைங்களுக்கு அதுதான் குரூப்.

இதெல்லாம் புதுக் கதையும் இல்ல. 1940கள்ல இலவசக் கல்வி வந்தப்ப தோட்டத்து ஸ்கூல் அதுக்குள்ள வரல, 1970கள்ல தான் அரசாங்கம் அந்த ஸ்கூல்கள பொறுப்பெடுத்துச்சு. ஒரு தலமுறை பிந்தித்தான் நமக்கு கரும்பலகையே ஒழுங்கா வந்துச்சு, இப்ப இன்டர்நெட்டும் அப்படித்தான் வருது. தமிழ்ல ஏ.எல் விஞ்ஞானப் பிரிவு இருக்கிற ஸ்கூல் மலையகத்துல இன்னும் சிலதுதான், அந்த இடத்துல ஒரு நல்ல பௌதிகவியல் ஆசிரியரோட பாடத்த பதிஞ்சு பத்து ஸ்கூலுக்கு அனுப்புறது சின்ன விஷயம் இல்ல, உண்மையிலேயே ஒரு புள்ளையோட பாதைய மாத்தும். ஆனா அதுக்கு ஸ்கூல்ல ஒரு நல்ல இணைப்பு, மெமரி கார்ட் போடுற ரெண்டு டெப், பின்னேரம் நாலு மணி வரைக்கும் தொறந்திருக்கிற ஒரு அறை வேணும். எல்லா வீட்டுக்கும் போன் குடுக்கிறத விட இது லேசு, காசும் குறைவு. பத்துக்கு பன்னெண்டு அடிக் காம்பராவுல ஆறு பேரு இருக்கிற வீட்டுல போன் மட்டும் குடுத்து படின்னா எங்க உக்காந்து படிக்கிறது?

கொழும்புல போன் இருக்கிற அந்தப் புள்ளைய பத்தி சொன்னேன் இல்லையா. போன தவணையில அது கொப்பிய பாத்தா எல்லா கணக்கும் செஞ்சிருந்துச்சு, ஒரு நாள் கூட விடல. பக்கத்து வீட்டுல பாத்து எழுதினியான்னு கேட்டேன், இல்ல சேர்ன்னுச்சு. அவ அப்பா கட மூடின பிறகு வாய்ஸ் நோட்ட தானே கேட்டு, தாள பாத்து, அம்மாவோட பட்டன் போனுக்கு கோல் எடுத்து ஒவ்வொரு வரியா சொல்லியிருக்காரு, அது எழுதியிருக்கு. எட்டாம் வகுப்போட ஸ்கூல விட்ட மனுஷன், சில சொல்ல பிழையா சொல்லியிருக்காரு, கொப்பியில அந்தப் பிழையும் அப்படியே இருக்கு. இப்ப நான் வாய்ஸ் நோட் போடுறப்ப கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசுறேன். இன்ஃபோவுல அவர் நம்பருக்கு கீழ கேட்டதா நேரம் விழும், அனேகமா ராத்திரி பத்தேகால், சில நாள் பதினொண்ணு.